பொறிவண்டாம் பொறிவண்டு!

வயிறெரிஞ்சு எழுதுறன். நல்லூர்த் தேருக்கு உடுப்பமெண்டு என்ர பட்டுக் கூறையை எடுத்து விரிச்சால் தலைப்பில ஏழு ஓட்டை! பக்கத்தில கிடந்த பொலியெஸ்டர் சேலையில ஒரு கீறல் இல்லை. மலிஞ்சது தப்பிட்டுது, கலியாணச் சேலை போயிட்டுது.

மாமி "கரப்பொத்தான்" எண்டா. பக்கத்து வீட்டு அக்கா "அந்துப்பூச்சி" எண்டா. டவுனில கடைக்காரத் தம்பி ஒரு கேள்வி கேக்கேல்லை, ஸ்பிறே ஒண்டை எடுத்து நீட்டினார். "எல்லாத்துக்கும் இதுதான் அக்கா." எல்லாத்துக்குமாம்! காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே குளிசையோ?

ரோச் லைற் அடிச்சு அலுமாரி மூலையைக் கிண்டினன். அரிசியிலும் சின்னனா, கபிலத்தில வரிவரியா, மயிர் முளைச்ச தோல்கள். உள்ளுக்க ஒண்டுமில்லை, ஊதினால் பறக்குது. அந்தெண்டால் நூல்வலையோ கூடோ கிடக்கும். இது கம்பள வண்டின்ர புழு கழட்டிப்போட்ட சட்டை. துணியைத் தின்னுறது புழுதான். வண்டானாப் பிறகு பூவில மகரந்தம் தின்னப் போயிடும், வெளிச்சத்தைத் தேடி யன்னல் கண்ணாடியில வந்து ஒட்டும். 2, 3 மில்லிமீற்றர்தான், உருண்டையா, முதுகில வெள்ளையும் மஞ்சளும் கபிலமும் தெளிச்ச மாதிரி.

இதைத்தான் என்ர மகன் "பொறிவண்டுக் குஞ்சு" எண்டு தீப்பெட்டிக்குள்ள வளர்த்தவன்! பொறிவண்டு இதைவிடப் பெரிசு, முதுகு மினுங்கும். அதெல்லாம் ஆர் பாத்தது? "பாவமடா, விடு" எண்டு சொன்னதும் நான்தான்.

புழுவுக்குப் பட்டு, கம்பளி, இறகு, மயிர், செத்த பூச்சி எல்லாம் விருந்து. அலுமாரிக்கு நேர மேல ஓட்டுக்குள்ள பழைய குருவிக்கூடு வேற. பருத்தியை லேசில தொடாது, வேர்வையோ கறியோ பட்டால் அதையும் அரிக்குமாம். போன கலியாண வீட்டில கட்டின கூறையை வேர்வையோட மடிச்சு வைச்சது என்ர பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பூச்சி உருண்டை போட்டனானே! அதின்ர ஆவி அடைஞ்சு நிண்டால்தான் வேலை செய்யுமாம். எங்கட அலுமாரிக் கதவு இடுக்கால விரல் போகும்.

இப்ப கூறை பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகையில, பிறீசருக்குள்ள. புழுவும் முட்டையும் குளிரில சாக ரெண்டு கிழமை கிடக்கட்டும். நல்லூரில கொடியேறினதால வீட்டில மீன் இல்லை, இடம் தாராளம். மாமி திறந்து பாத்திட்டு "பிள்ளை, உனக்கென்ன விசரோ?" எண்டு கேட்டவ.

தேருக்கு நான் என்னத்தை உடுக்கிறதெண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.