பைப்பைப் பாக்குறீங்க, ஏரியை யாரு பாக்குறது?

பெங்களூர்ல இருக்குற நம்மாளுங்க நெறைய பேருக்கு இது தெரியல, பெல்லந்தூர் ஏரித் தண்ணி வர்த்தூர் ஏரிக்குப் போயி அங்கேருந்து தென்பெண்ணையில கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகுது. மழை பெஞ்சா அணையில நுரை பொங்கி நிக்குற வீடியோ வாட்ஸ்அப்ல சுத்துதே, அதுல பெரும்பங்கு நம்ம ஊர்க் கழிவுதான். 2017ல பெல்லந்தூர் ஏரி தீப்பிடிச்சு எரிஞ்சப்புறம்தான் பசுமைத் தீர்ப்பாயம் சுத்தி இருக்குற ஆலைகளை மூடச் சொல்லுச்சு. அதுவரைக்கும் கன்சென்ட், அதாவது கழிவுத் தண்ணி விட அனுமதி, கையில வச்சிருந்த ஆலைங்க என்ன அடிப்படையில வச்சிருந்துச்சு?

கழிவுத் தண்ணி விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட கன்சென்ட் வாங்கணும்னு 1974 தண்ணீர்ச் சட்டம் சொல்லுது. முடியாதுன்னு சொல்றதா இருந்தா காரணத்தை எழுத்துல குடுக்கணும், அவ்வளவுதான். அந்த ஏரி ஏற்கனவே செத்துப்போச்சு, இதுக்கு மேல தாங்காதுன்னு எழுதுனா அதைவிட நல்ல காரணம் என்ன இருக்கு? ஆனா நடைமுறையில பைப்பைத்தான் பாக்குறாங்க. பைப்புல வர்ற தண்ணியில பிஓடி (அதுல இருக்குற அழுக்கை நுண்ணுயிருங்க சிதைக்கத் தேவைப்படுற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பாஸ். அந்த மாதிரி பாஸான பைப்பு நூறு சேர்ந்து ஒரே ஏரியில விழுந்தா என்ன ஆகும்? பெங்களூர் விருஷபாவதி ஆத்துல வெயில் காலத்துல சாக்கடையைத் தவிர வேற ஓட்டமே கிடையாது, நல்ல தண்ணி வந்து கலந்து நீர்த்துப்போகும்ங்குற கணக்கே அங்க செல்லாது.

இதைவிட எனக்கு வயிறு எரியுறது இன்னொண்ணு. அப்ளிகேஷன் போட்டு 4 மாசத்துக்குள்ள வாரியம் ஒண்ணும் சொல்லலன்னா கன்சென்ட் குடுத்ததாவே அர்த்தம், அதுவும் ஒரு கண்டிஷனும் இல்லாம. ஒரு ஃபைல் மேஜையில தூங்குனா ஒரு ஆத்துக்கே ஆபத்து. இந்தப் பிரிவைத் தூக்கியே ஆகணும்.

கன்சென்ட்டை பட்டா மாதிரி நெனச்சுக்கிறாங்க, ஒரு தடவை வாங்கிட்டா நம்மதுன்னு. அப்படி இல்ல. வாரியம் எப்ப வேணாலும் அதை மறுபடி எடுத்துப் பாக்கலாம், கண்டிஷனை மாத்தலாம், 33ஏ பிரிவுல கரண்ட்டையும் தண்ணியையும் நிறுத்தி ஆலையை மூடவும் சொல்லலாம். அதிகாரி சாம்பிள் எடுக்க வழி இல்லாத புது பைப்புக்கு அனுமதியே குடுக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு. ராத்திரியில தொறந்து விடுற மறைவு பைப்பு ஒண்ணு கண்டுபிடிச்சாலே அந்த கன்சென்ட்டை ரத்து பண்ணணும்ங்குறது என் கருத்து, நோட்டீஸ் மேல நோட்டீஸ் அனுப்பிக்கிட்டு இருக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு 2024ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், அதை ஏத்துக்கிட்ட மாநிலங்கள்ல ஜெயிலுக்குப் பதிலா 10 ஆயிரத்துலேருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு பல குத்தத்துக்கு ஆயிடுச்சு, பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அதனால கன்சென்ட் போயிடும்ங்குற பயம் ஒண்ணுதான் மிச்சம்.

வேலை போயிடுமேன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். 2011ல திருப்பூர் சாயப்பட்டறைகளை ஹைகோர்ட் மூடச் சொன்னப்ப அடி வாங்குனது கூலிக்காரங்க. அதனாலதான் சொல்றேன், கடன் வாங்கி கட்டடம் கட்டி ஆள் சேர்க்குறதுக்கு முன்னாடியே இங்க எடம் இல்லன்னு சொல்லிடுறது எல்லாருக்கும் நல்லது.

கன்சென்ட் கண்டிஷன் எழுதி வைக்குற ரெஜிஸ்டரை பாதிக்கப்பட்டவங்க யார் வேணாலும் பாக்கலாம்னு 25ஆவது பிரிவு சொல்லுது, பெல்லந்தூர், வர்த்தூர் பக்கம் இருக்கவங்களும் ஓசூர் விவசாயிங்களும் சேர்ந்து எழுதிக் கேப்போம், வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.