பத்திரிகை வைத்தால் மட்டும் போதுமா?

ராமேஸ்வரம் கல்யாணத்துக்குப் போன நானும் எங்கள் அத்தையும் தங்க ரூம் கிடைக்காமல் அல்லாடிய விவகாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓடியதைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும், நம் ஆட்கள் அதில் குறை வைப்பதில்லை. "வர மனசில்லாதவங்களுக்குத்தான் ரூம் ஒரு சாக்கு" என்ற அந்த வாய்ஸ் மெசேஜுக்கு, அனுப்பியவர் பெரியவர் என்பதால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

தீவில் கல்யாணத்தை வைத்துவிட்டு ஊரைக் கூப்பிடுகிறவர்கள், எப்படி வருவது, எங்கே தங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரூம் போட்டுத் தரச் சொல்லவில்லை. சொல்லச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி சுமார் 170 கிலோமீட்டர். முந்தின ராத்திரியே போய்த் தங்காமல் எப்படித் தாலி கட்டுவதைப் பார்ப்பது? தேதியோ தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வந்த கூட்டமே இன்னும் கலைந்திருக்காது. கோயிலைச் சுற்றி லாட்ஜ்காரர்கள் வைத்ததுதான் ரேட்டு. இதெல்லாம் கூப்பிட்டவர்களுக்குத் தெரியாதா? கல்யாணம் நடந்த தங்கச்சிமடம் ரிசார்ட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஏசி ரூம் முன்கூட்டியே போடத் தெரிந்ததே!

"கூகுள்ல பார்த்துக்க வேண்டியதுதானே" என்பார்கள். எங்கள் அத்தைக்கு போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும்தான் தெரியும். சரி, அடுத்தது.

"வர்ற அத்தனை பேருக்கும் ரூம் போட்டா கடன்ல மூழ்கணும்." நியாயம்தான். நானும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள், மண்டப வாடகையும் சமையல் செலவும் எனக்கும் தெரியும். நான் கேட்பது நாலு வரி. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதால், இன்னும் பலர் ரயிலை நினைப்பதே இல்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று, ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது என்று ஒரு வரி. பஸ்ஸில் வருகிறவர்கள் ராமேஸ்வரம் வரை போக வேண்டாம், தங்கச்சிமடத்திலேயே இறங்கலாம் என்று ஒரு வரி. ரூம் கிடைக்காதவர்கள் ராமநாதபுரத்தில் தங்கினால் விடியற்காலை வேன் வரும் என்று ஒரு வரி. தனுஷ்கோடி பார்ப்பதாக இருந்தால் பகலிலேயே பார்த்துவிடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள் என்று ஒரு வரி. இதற்கு எவ்வளவு செலவாகும்? பத்திரிகையில் தங்க எழுத்து அடிக்க இடம் இருந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், கடைசி பஸ் வரும்வரை அப்பா டார்ச் லைட்டோடு ரோட்டில் நிற்பார். ஹெட்மாஸ்டரிடம் சாவி வாங்கிப் பள்ளிக்கூடத்தில் ஆம்பளைகளுக்கு ஜமுக்காளம் விரித்திருக்கும். பொம்பளைகள் எந்த வீட்டில் யார் என்று அம்மா வாசலிலேயே பிரித்து அனுப்புவாள். பாத்ரூம்கூடக் கிடையாது. ஆனால் எங்கே போய்ப் படுப்பது என்று ஒருத்தரும் திகைத்து நின்றதில்லை.

இங்கே என்ன நடந்தது? ராத்திரி ரிசார்ட் வாசலில் வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "லிஸ்டுல பேர் இல்லையேம்மா" என்றார். போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ராமேஸ்வரம் போய் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினோம். அத்தைக்கு மூட்டு வலி வேறு. விடியும்வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்ச். அங்கே இருந்த கட்டணக் கழிப்பறையில்தான் அத்தை பட்டுப்புடவை மாற்றினார். ஈரத் தரையில் கரை படக்கூடாது என்று கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, முந்தானையைப் பல்லில் கவ்விக்கொண்டு. பெண்ணின் அப்பாவைத் தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்த அத்தை. லிஸ்டில் பேர் இல்லை!

நல்ல காரியத்தில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று கிளம்புவீர்கள். சாப்பாட்டைக் குறை சொன்னேனா? பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கூட்டிவர ரயிலடிக்குக் கார் போயிற்றே, அதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது?

அத்தை இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊர் திரும்பியதும் கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது, எங்கே தங்கினீர்கள் என்று கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். மொய் நோட்டில் அத்தை பேரைக் காணோமாம், எவ்வளவு வைத்தீர்கள் என்றார்கள்.

1001 ரூபாய். அந்த லிஸ்டிலாவது எழுதிக்கொள்ளுங்கள்.