அம்பா பாட்டுக்கு இசையமைப்பாளர் யார்?

ஓரியூர் திருவிழாவுக்குப் பாட்டு வருகிறது, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வருகிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவையும் தேடிப் பதிவு செய்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஸ்பாட்டிஃபை போன்ற இசைத் தளத்துக்குப் பாட்டோடு போகிற விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவை, யாரும் மதிப்பதில்லை. மெட்டாடேட்டா என்பது மிக்ஸிங் முடிந்த பிறகு போனில் கேட்டு நிரப்புகிற படிவம் இல்லை. பாடிய அன்றே, எல்லாரும் ஸ்டுடியோவில் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டியது.

அம்பாவையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மெட்டு தலைமுறை தலைமுறையாக வந்தது. தளத்தில் பார்த்தால் இசை என்ற இடத்தில் கீபோர்டு வாசித்தவர் பெயர் இருக்கிறது. இது அநியாயம். அந்தக் கட்டத்தில் 'டிரெடிஷனல்' என்று போட வேண்டும், கீபோர்டுக்காரர் அரேஞ்சர், அதாவது இசைக்கோர்ப்பு செய்தவர். அடியெடுத்தவர் முதன்மைப் பாடகர். அவர் சொந்தமாக வரி கட்டிச் சேர்த்திருந்தால் பாடலாசிரியர் கட்டத்திலும் அவர் பெயர் வர வேண்டும். 'குழுவினர்' என்று போட்டு அவரை மறைக்காதீர்கள்.

அடுத்தது எழுத்து. கீழக்கரை என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். அதைப் பெயருக்கு முன்னால் வைத்துப் பாடுகிறவருக்கு மூன்று நான்கு கலைஞர் பக்கங்கள் உருவாகி, கேட்டவர் கணக்கு சிதறிப்போகிறது. நாகூர் ஹனிபா அளவுக்குப் புகழ்பெற்றவரின் பெயரே ஒரு 'எஃப்', இரண்டு 'எஃப்' என்று மாறி மாறிக் கிடக்கிறது. ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். உங்கள் பாடகருக்கு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் ஏற்கெனவே பக்கம் இருந்தால் அதன் இணைப்பை, பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் பாட்டு போய் உட்கார்ந்துவிடும்.

தமிழில் தட்டும்போதும் ஒரு பொறி இருக்கிறது. மௌலானா, மெளலானா இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டியிருக்கிறார்கள். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல், தேடினால் சிக்காது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வரிகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தலைப்பில் 'சூப்பர் ஹிட்', ஆண்டு, பாடகர் பெயர் எதுவும் வேண்டாம்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒலிப்பதிவின் அடையாள எண். 12 இடங்கள்: நாட்டுக்கு 2, எண் ஒதுக்குபவருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசைக்கு 5. அதே பாட்டைத் திருவிழா மேடையில் பாடிப் பதிந்தால் அது வேறு பதிவு, வேறு எண். அதே பதிவைத் தொகுப்பு ஆல்பத்தில் சேர்த்தால் பழைய எண்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி, 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் வழியாக வருவது. அதற்கு எழுதியவரும் இசையமைத்தவரும் உறுப்பினராகி, பாட்டைத் தனியாகப் பதிய வேண்டும். அதனால் ஸ்டுடியோவில் வாங்கும் தாளில் மேடைப்பெயரோடு வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் இருக்கட்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டினால் சரியாக 100 வர வேண்டும், மிஞ்சினால் பணம் தகராறில் நின்றுவிடும். 'மொத்தமாகக் கொடுத்தாச்சு' என்று பாடலாசிரியரிடம் சொல்கிறவர்களுக்கு ஒன்று: 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டி பெறும் உரிமையைப் பாடலாசிரியர் தன் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

ஏற்கெனவே தப்பாக ஏறிய பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். ஐ.எஸ்.ஆர்.சி. எண் மாறினால் இதுவரை கேட்டவர் கணக்கும் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் பெயரை மட்டும் திருத்தி அனுப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவதாக இருந்தால், பழைய எண்ணையும் அதே ஒலிக்கோப்பையும் கொடுத்து, புதியது எல்லாத் தளங்களிலும் தெரிந்த பிறகே பழையதை எடுங்கள்.