பேட்ச் தேதி ஒன்றல்ல, இரண்டு

லீனியேஜ் ஓஎஸ் (நிறுவனம் கைவிட்ட போன்களுக்கும் தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டு) போட்ட பழைய போன் கையில் இருந்தால், செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டுப் பாருங்கள். பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) தேதி இரண்டு தெரியும். ஆண்ட்ராய்டுக்கான தேதி போன மாதமாகக்கூட இருக்கும். கீழே 'வெண்டர்' என்று இன்னொன்று, சிப் நிறுவனமும் போன் நிறுவனமும் தரும் பகுதிக்கானது. அது பல போன்களில் சில வருடங்கள் பின்தங்கியிருக்கும். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது தேதிதான்.

மோடம், வைஃபை, கேமரா ஆகியவற்றின் ஃபர்ம்வேரையும் (அந்தப் பாகங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அவற்றை இயக்கும் பல டிரைவர்களையும் சிப் நிறுவனம் மூல நிரல் இல்லாமல்தான் தருகிறது. அவர்கள் கைவிட்டால் அந்தத் தேதி அங்கேயே நின்றுவிடும். ஆண்ட்ராய்டின் மையமான லினக்ஸ் கெர்னலுக்கு ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் இருப்பதால் அதன் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்கிறார்கள். ஆனால் அது பழைய கெர்னல். அதில் சிப்புக்காகச் செய்த மாற்றங்களில் பெரும்பகுதி எல்லோருக்கும் பொதுவான லினக்ஸில் சேர்வதே இல்லை. புதிய கெர்னலுக்கு மாறும்போது யாராவது அத்தனையையும் மறுபடி எழுத வேண்டும்.

ஃபேர்போன் 2-ஐப் பாருங்கள். 2015 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்த போன், ஸ்னாப்டிராகன் 801 சிப். ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் அந்தச் சிப்பை அதைத் தயாரித்த குவால்காம் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன டச்சு நிறுவனம் 7-ஐயும், லீனியேஜ் சமூகத்தின் உழைப்பை வைத்து 2021-இல் 9-ஐயும் கொடுத்தது. 2023 மார்ச் வரை அப்டேட் வந்தது. அந்த அனுபவத்தால்தான் ஃபேர்போன் 5-க்கு, நெடுங்கால ஆதரவுள்ள தொழிற்சாலைக் கருவிகளுக்கான கியூசிஎம்6490 சிப்பைத் தேடி எடுத்தார்கள்.

பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் அப்டேட் என்று அறிவித்தது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கணக்கு போன் அறிமுகமான நாளில் தொடங்குகிறது. இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் 5 தான். 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய விதியோ, அந்த மாடலின் கடைசி போன் சந்தைக்கு வந்த பிறகு 5 வருடம் என்று எண்ணுகிறது. இதுதான் நியாயமான கணக்கு.

வாங்கும் முன்பே லீனியேஜ் விக்கியில் அந்த மாடல் இருக்கிறதா, பூட்லோடரை (போன் இயங்கத் தொடங்கும்போது எந்த ஓஎஸ் ஓடலாம் என்று முடிவு செய்யும் நிரல்) திறக்க நிறுவனம் விடுகிறதா என்று பாருங்கள். பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்' போட்டு, கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் என்ற கருவியால் திறந்ததும் போனில் உள்ளது மொத்தமும் அழியும். பேக்கப் முதலில். விக்கி எந்த ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் லோகோவிலேயே நிற்கும், அல்லது சிக்னல் வராது. எல்லாம் முடிந்தபின் 'பாதுகாப்புக்காக' பூட்லோடரை மறுபடி பூட்டாதீர்கள். பல போன்கள் அந்த இடத்தில்தான் இயங்காத செங்கல்லாகின்றன.

பூட்லோடர் திறந்த போன் என்றாலே பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன, பேட்ச் போன மாதத்தது என்றாலும். பல வருடம் பேட்சே காணாத போன் பூட்டியிருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. இதை மாற்றச் சொல்லி வங்கிகளிடம் கேட்க வேண்டும். ஆதரவு முடியும் நாளில் பூட்லோடரைத் திறந்துவிட்டு டிரைவர் மூல நிரலையும் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும்.