காபி ரொம்பக் கறுப்பு

(சுந்தரம், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். டிவியில் 'ஸ்வீட் லேண்ட்' என்ற 2005-ஆம் ஆண்டுப் படம்.)

சரோஜா: என்னங்க, ரிமோட்டை ஏன் தட்டுகிறீர்கள்?

சுந்தரம்: அந்தப் பெண் பேசுகிறாள், கீழே எழுத்தே வரவில்லை. கதையும் இல்லை.

சரோஜா: டைரக்டர் அலி செலிம் போடவில்லை. அவள் பேசுவது ஜெர்மன். 1920-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், அந்த ஊரில் யாருக்குப் புரிந்தது, உங்களுக்கு மட்டும் புரிய?

சுந்தரம்: இங்கிலீஷ் தெரியாதா?

சரோஜா: 'பசியில் குதிரையையே தின்றுவிடுவேன்' என்று சொல்லத் தெரியும்.

சுந்தரம்: கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அதையா சொல்வது? மாப்பிள்ளை ஓடியிருப்பானே!

சரோஜா: ஓலாஃப் ஓடவில்லை, பாதிரியார்தான் முரண்டு பிடிக்கிறார். நார்வேயிலிருந்து வருகிறவள் நார்வேக்காரி என்று நினைத்தார்கள். பார்த்தால் ஜெர்மன்காரி. உலகப்போர் முடிந்த சூடு வேறு. காகிதங்களும் சரியில்லை.

சுந்தரம்: காகிதம் சரியில்லையென்றால் நானும் நிறுத்தித்தான் வைத்திருப்பேன்.

சரோஜா: தெரியாதா! அப்புறம், அவள் போடும் காபி ரொம்பக் கறுப்பு என்று பிரசங்கத்திலேயே குற்றம் சொல்கிறார்.

சுந்தரம்: (நிமிர்ந்து) என்னது? டிகாக்ஷன் திக்காக இருந்தால் பாவமா? இவரெல்லாம் ஒரு பாதிரியார்!

(ஒரு மணி நேரம் கழித்து.)

சரோஜா: சத்தமே காணோமே. தூங்கிவிட்டீர்களா?

சுந்தரம்: உஷ்! ஊரே ஒதுக்கிவிட்டது. அறுவடை முழுக்க இரண்டே பேர். ஒரு கை கொடுக்க ஆள் வரக்கூடாதா?

சரோஜா: கதையே இல்லை என்றீர்கள்?

சுந்தரம்: ஐயோ, சிநேகிதன் பண்ணையை வங்கி ஏலம் விடுகிறது, ஓலாஃப் கையில் காசில்லாமல் ஏலம் கேட்கிறானே! முன்பணம் எங்கே? ஜாமீன் யார்?

சரோஜா: அந்த வங்கிக்காரருக்குக் கொஞ்சம் மனசு இருந்தால்...

சுந்தரம்: வங்கிக்காரனை ஒன்றும் சொல்லாதே. விதிப்படிதான் செய்கிறான். (மூக்கை உறிஞ்சுகிறார்.)

சரோஜா: பிறகு ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்?

சுந்தரம்: நானும் எத்தனையோ டிராக்டரை ஏலம் விட்டிருக்கிறேன். வந்தவனெல்லாம் பாதி விலைக்குத்தான் கேட்டான். சிநேகிதனுக்காக ஒருத்தன் கேட்டதில்லை, சரோ.

சரோஜா: முதல் படத்துக்கான இன்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருது வாங்கியிருக்கிறது இது.

சுந்தரம்: விருதுப் படமா? முதலிலேயே சொல்லியிருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன்.

சரோஜா: அதனால்தான் சொல்லவில்லை. இந்தாங்க, காபி.

சுந்தரம்: என்ன இது, இப்படி வெளுத்துக் கிடக்கிறது?

சரோஜா: பாதிரியார் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்றுதான்.