சட்டைப்பையில் ஒரு தாள்

வக்கீல் அரசியலுக்கு வந்தால் அவருடைய பேச்சைத்தான் மெச்சுகிறோம். எனக்கென்னவோ, கீழ்க்கோர்ட்டில் பழகியவரிடம் இருக்கும் பெரிய சொத்து வாய் இல்லை, பொறுமை என்று தோன்றும். எதிர்த்தரப்பு எங்கே சறுக்கும் என்று வாய்தா வாய்தாவாகக் காத்திருக்கிற பொறுமை. அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் அந்த ரகம்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் பீவர் சிட்டி, மெக்குக் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஊர்களில் தொழில் செய்தவர். ஆரம்பத்தில் புரட்சிக்காரர் எல்லாம் இல்லை. ரயில்வே கம்பெனிக்கு உள்ளூர் வக்கீல், ஓசி பாஸில் பயணம், குடியரசுக் கட்சி விசுவாசி. அப்புறம் மாவட்ட நீதிபதியானார். வறட்சிக் காலம். அடமானக் கடனில் விவசாயிகளின் நிலம் ஏலத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எப்படியும் கரையேறிவிடுவார் என்று தெரிந்தவருக்கு, ஏலத்தை உறுதி செய்யாமல் தள்ளிப்போட்டு அவகாசம் கொடுத்தார்.

1903-ல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அங்கே சபாநாயகர் ஜோசப் கேனன் வைத்ததுதான் சட்டம். யார் எந்தக் குழுவில் இருப்பது என்பதை அவரே முடிவு செய்வார், எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்று தீர்மானிக்கும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கும் தீர்மானம் ஒன்றை எழுதி, நாரிஸ் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். 1910 மார்ச்சில் கேனன் ஆட்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விஷயம் ஒன்றைக் கொண்டுவந்து, அது அரசியலமைப்பிலேயே இருப்பதால் முன்னுரிமை உண்டு என்றார்கள். நாரிஸ் எழுந்தார். சபை தன் விதிகளைத் தானே வகுக்கலாம் என்பதும் அதே அரசியலமைப்பில்தானே இருக்கிறது என்று தாளை உருவினார். விவாதம் விடிய விடிய நடந்தது. 19-ஆம் தேதி 191-க்கு 156 என்று தீர்மானம் ஜெயித்தது. முழங்கிப் பேசி வந்த வெற்றி இல்லை இது. அவர்கள் வாதத்தை வைத்தே அவர்களை மடக்கினார், அவ்வளவுதான்.

1913-ல் செனட்டுக்குப் போனார். 1917-ல் முதல் உலகப்போரில் இறங்க வேண்டாம் என்று வாக்களித்த ஆறு பேரில் அவரும் ஒருவர். ஊரில் துரோகி என்றார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டே மறுபடியும் ஜெயித்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது டென்னசி நதி விவகாரம். அந்த நதி அவர் மாநிலத்துக்குப் பக்கத்தில்கூட ஓடவில்லை. அவருக்கு ஒரு ஓட்டு கிடைக்காது. அரசு கட்டிய அணையையும் ஆலைகளையும் ஹென்றி ஃபோர்டு சல்லிசாகக் கேட்டபோது குறுக்கே நின்றார். மின்சாரம் பொதுச்சொத்தாக இருக்கட்டும் என்று அவர் நிறைவேற்றவைத்த மசோதாக்களை அதிபர்கள் கூலிட்ஜ் ஒருமுறை, ஹூவர் ஒருமுறை நிராகரித்தார்கள். 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. 1948-ல் நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடங்கியது அந்த அமைப்பைப் பார்த்துத்தான்.

இப்படிப்பட்டவரை 1930-ல் கவிழ்க்கச் செய்த வேலை நமக்கு ரொம்பப் பழக்கமானது. ஜார்ஜ் நாரிஸ் என்றே பெயருள்ள ஒரு மளிகைக்கடைக்காரரைப் பிடித்து, அதே கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மனுப் போடவைத்தார்கள். மனு தபாலில் கெடு தாண்டி வந்து சேர்ந்தது. செல்லாது என்று கோர்ட் தள்ளிவிட்டது.

வாய்தாவை நம்பிய வக்கீலைக் கடைசியில் காப்பாற்றியதும் ஒரு தேதிதான்!