எம்எல்பிஏ மட்டும் போதாது
சிறுவர்களின் தசைகள் படிப்படியாக நலியும் டூஷென் தசைநோயை உறுதிசெய்ய எம்எல்பிஏ என்ற மரபணுச் சோதனை போதும் என்கிறது அந்நோய் பற்றி வந்த கட்டுரை. திருமங்கலத்தில் என் அக்கா மகனுக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் மரபணு முழுவதையும் வரிசைப்படுத்தித்தான் கண்டுபிடித்தார்கள். இந்நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 79 எக்சான்களில் (துண்டுகளில்) எது விடுபட்டது, எது இரட்டித்தது என்பதை எம்எல்பிஏ காட்டும். ஓரெழுத்துப் பிழை பெரும்பாலும் தப்பிவிடும். (அதற்கு முன்பு கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிபிடி நொதி கூடுதல் என்று கல்லீரலுக்கு மருந்து கொடுத்தது தனிக் கதை. தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே இரத்தச் சோதனை பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.)

'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று எங்கள் பக்கம் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். டூஷென் எக்ஸ் குரோமோசோம் வழி வருவது; மகனுக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்துதான் கிடைக்கிறது. தாய்மாமனைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் ஒன்றுதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால் உண்டாகும் லிம்ப் கர்டில் (இடுப்பு, தோள் தசைநோய்) வகைகள் பலவற்றுக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு பொருந்தும். இப்போது அக்காவுக்கும் அதே பிழை உண்டா என்று பார்க்கப் போகிறோம்; உண்டென்றால் என் தங்கைக்கும் பார்க்க வேண்டும்.